அரை மணி முன்னால் ஓடிய வீடு

ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மாதான் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நேரத்தில் அவன் எதையோ சரிசெய்துகொண்டிருப்பான். வீட்டுக்குப் பெரிய ஆபத்து அதுதான்.

நான் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்தவன். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதே உத்தியோகம். கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்து வண்டியைத் தவறவிட்டவர்களை ஏராளமாகப் பார்த்த பயத்தில், ஆரணியை அடுத்த சேவூரில் எங்கள் வீட்டுக் கடிகாரங்கள் ஐந்தையும் அரை மணி முன்னால் ஓடவிட்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் மனத்துக்குள் அரை மணியைக் கழித்துக்கொள்வார்கள். (அப்புறம் இன்னாத்துக்கு முன்னால வெக்கறது என்று என் மனைவி செல்லம்மா கேட்பாள். உடனே நான் கடிகாரத்தைத் துடைக்கப் போய்விடுவேன்.)

மருமகள் கோமதி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவர்களுடைய புரோகிராம் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்ற மூன்று வகைக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும். எழுதியதை அந்தந்த மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தர ஒவ்வொன்றிலும் ஒரு கம்பைலர் உண்டாம். முழுக்க மாற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம். பிறகு ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் மறுபடி ஒன்றரை மணி நேரம்.

"பக்கத்து வூட்டுத் தறியில இழை அறுந்தா இன்னா பண்றாங்க மாமா? முடிச்சு போட்டுட்டு மேல நெய்யறாங்க. நாங்க முழுப் புடவையையும் பிரிச்சுட்டு மறுபடி பாவுலேர்ந்து ஆரம்பிச்சுகினு கீறோம்" என்று எனக்கு விளக்கினாள்.

இதைக் குறைப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. மாறாத பகுதிகளைத் தொடாமல், திருத்திய இடத்தை மட்டும் மாற்றும்படி அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். அறையில் மூன்று மெஷின்கள். அவள் எழுதிய மூலக் கோப்புகள் எல்லாம் நான்காவதில் இருந்தன. அந்த நான்காவது, நான் பஜனை கேட்பதற்காக மகன் வாங்கிக்கொடுத்த பழைய கம்ப்யூட்டர். அதில் எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைத்தது இப்படித்தான்.

செய்துகாட்டிவிட்டால் அவள் ஆரணியிலிருந்தே வேலையைத் தொடரலாம். இல்லையென்றால் அடுத்த மாதம் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். மகனும் பேத்தியும் கூடவே போய்விடுவார்கள். வீட்டில் நானும் செல்லம்மாவும் ஐந்து கடிகாரங்களும்தான் மிஞ்சுவோம்.

செய்துகாட்டும் நாள் வந்தது. ஏதாவது உதவ வேண்டுமே என்று கம்ப்யூட்டர்களைத் துடைக்கப் போனேன். என் மெஷினின் திரையோரத்தில் இருந்த நேரம், கூடத்துக் கடிகாரத்தைவிட அரை மணி பின்தங்கியிருந்தது. இத்தனை முக்கியமான நாளில் கோமதிக்குத் தாமதமாகிவிடுமே என்று பதறி, முன்னால் தள்ளிவைத்தேன். அது டிரைவரைக் கேட்காமல் ரிவர்ஸ் எடுக்கும் வண்டி மாதிரி தானாகவே பின்னால் போனது. தானியங்கி என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அணைத்துவிட்டு மறுபடி தள்ளினேன். இம்முறை நகரவில்லை. திருப்தியாகப் போய் இட்லி சாப்பிட்டேன்.

பிறகு கோமதி வந்து, எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான ஒன்றில் சின்னத் திருத்தம் செய்து சேமித்துவிட்டு, முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டாள். அவள் கைவண்ணத்தில் முழு ஓட்டமே இருபது நிமிடத்துக்கு இறங்கியிருந்தது. பத்து மணிக்கு மேலாளரும் மற்றவர்களும் திரையில் வந்தார்கள். எதையும் மாற்றாமல் மறுபடி ஓடவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் முடியும் என்று சொல்லி அவள் பொத்தானை அழுத்தினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிடம் போனது. மூன்று போனது. மூன்று மெஷின்களின் விசிறிகளும் இரைந்தன. எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தன. மேலாளர் தொண்டையைச் செருமினார்.

கோமதி மூன்று திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூணும் வேற வேற கம்பைலர் சார். மூணும் ஒரே தப்பைப் பண்ணாது. பொதுவா இருக்கறது இந்த ஒரு மெஷின்தான்" என்றவள், கதவுப்பக்கம் திரும்பினாள்.

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க."

பனியனும் லுங்கியும், தோளில் துடைக்கிற துணியுமாக நான் திரையிலிருந்த ஏழு முகங்களுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இதுல டைம் மாத்தினீங்களா?"

"ஆமாம்மா. அரை மணி ஸ்லோவா இருந்தது. நம்ம வூட்டு டைம் வெச்சேன்."

கோப்பு எப்போது சேமிக்கப்பட்டது என்று பார்த்துத்தான், அது மாறியதா இல்லையா என்று மெஷின் தெரிந்துகொள்ளுமாம். மற்ற மூன்று மெஷின்களின் சரியான நேரப்படி, செய்து முடித்த வேலை பத்து மணிக்கு முந்தையது. நான் வைத்த நேரத்தால் பொதுக் கோப்பு பத்து மணிக்குப் பிந்தையது. நாம் செய்ததெல்லாம் பழசு போலிருக்கிறது என்று மூன்று மெஷின்களும் நல்ல பிள்ளைகளாக மறுபடி முதலிலிருந்து உழைத்திருக்கின்றன.

ஏழு பேரும் சிரித்தார்கள். கோமதி நேரத்தைச் சரிசெய்தாள், அந்தக் கோப்பின் மேலிருந்த நேரத்தையும் திருத்தினாள், மறுபடி அழுத்தினாள். நாற்பது நொடி. நானும் எண்ணினேன்.

"உலகத்துல எத்தனை ஆபீஸ்ல எத்தனை மாமா இருப்பாங்களோ. அதுக்கும் ஒரு வழி பண்ணிடுங்க" என்றார் மேலாளர். வேலை ஆரணியிலேயே நிலைத்தது.

மதியம் நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு சொல் கடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோமதியோ வாசலில் நின்று, "சாப்பிட வாங்க மாமா, மணி ஒன்னாவுது" என்றாள்.

"எந்த மணி?" என்று நிஜமாகவே கேட்டேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அடங்காமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அடக்கிவைத்த பயமெல்லாம் அந்தச் சிரிப்பில்தான் வெளியே போயிற்று என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இப்போது அவர்கள் கம்பெனியில் கம்பைலர் ஓடுவதற்கு முன் எல்லா மெஷின்களின் கடிகாரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. அதற்குப் பெயர் மாமா. "மாமா பாத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் அங்கே வேலையைத் தொடங்குகிறார்களாம். ஆயுள் முழுக்க வண்டி நேரம் எழுதிய என்னைப் பணிமனையில் இன்று யாருக்கும் நினைவில்லை. நான் கெடுத்த அரை மணிதான் என் பெயரை நிலைநிறுத்தியிருக்கிறது.

வீட்டில் யார் நேரம் சொன்னாலும், "எந்த மணி?" என்று பேத்தி கேட்கிறாள். போன வாரம் சமையலறைக் கடிகாரம் நின்றுபோனது. கோமதிதான் பேட்டரி மாற்றினாள். கைபேசியைப் பார்த்துச் சரியான நேரத்தை வைத்தாள், என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு பெரிய முள்ளை அரை வட்டம் முன்னால் நகர்த்தி ஆணியில் மாட்டினாள்.