பேரொளியின் கோபம், என் கைவண்ணம்

நெருப்புக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த மகத்தான பொருள் 'எல்லை'. சுயதொழில் செய்கிறவன் வாடிக்கையாளரிடம் 'இதற்கு மேல் என் சொந்த நேரம்' என்று அதை வகுத்துக்கொள்ள வேண்டுமாம். இணையப் பயிலரங்கு ஒன்றில் கைகூப்பிக் காதில் வாங்கிக்கொண்டேன்.

என் வாடிக்கையாளர் சாதாரண ஆள் இல்லை. ரசிகர்கள் 'பேரொளி' என்று போற்றும் நடிகர். திரையில் அவர் அழுதால் ஊரே அழும். திரைக்கு வெளியே அவர் சார்பில் அழுவது என் வேலை. அவர் பெயரில் வெளிவரும் இரங்கல், வாழ்த்து, நன்றி எல்லாம் என் சரக்கு. நாடே வியக்கும் அவருடைய அடக்கத்தையும் நான்தான் எழுதுகிறேன். 'இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்' என்று அதைத் திருப்பி அனுப்புவார்.

இத்தகைய மகானுக்குக் கடிகாரம் எதற்கு? பல் மருத்துவரின் கை என் வாய்க்குள் இருந்தபோதும் அழைத்தார். என் 'ஆ... ஆ...'வைச் சம்மதமாக ஏற்றுக்கொண்டார்.

இந்நிலையில், சனிக்கிழமை மாலை என் மகள் பள்ளி நாடகத்தில் முதலை.

"வருவீங்களாப்பா?"

"கண்டிப்பா."

"நான் மேகமா நடிச்சப்பவும் இதேதான் சொன்னீங்க."

துணிந்துவிட்டேன். 'சனிக்கிழமை மாலை என்னால் வேலை செய்ய இயலாது' என்று பேரொளிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"தம்பி, மனசு ஒடிஞ்சு போச்சு. கோபம் கோபமா வருது."

"மன்னிக்கணும் சார்."

"அது இருக்கட்டும். உங்களுக்கு நான் ஒரு பதில் அனுப்பணும். படிச்சா நீங்க கலங்கிடணும். எழுதிக் குடுங்க."

"எனக்கு... நானேவா?"

"வேற யாரு எழுதுவா?"

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. எழுதினேன். 'உன்னை என் வீட்டுப் பிள்ளையாக நினைத்தேனே!' என்ற வரியை எனக்கே இரண்டு முறை வாசித்துக் காட்டிக்கொண்டேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் எனக்கு அனுப்பிவைத்தார். படித்தேன். விம்மி விம்மி அழுதேன். அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சுட்டேன் தம்பி. அந்தப் பெருந்தன்மை நாலு பேருக்குத் தெரியணும்ல? சனிக்கிழமை சாயங்காலம் உக்காந்து நிதானமா எழுதுங்க."

மனைவி கேட்டாள். "உங்களை நீங்களே திட்டி, நீங்களே அழுது, நீங்களே மன்னிக்கப் போறீங்க. நடுவுல அந்த மனுஷனுக்கு என்ன வேலை?"

"அனுப்புறது," என்றேன்.

சனிக்கிழமை, பெருந்தன்மை பிரமாதமாக வந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. முகத்தில் பச்சைச் சாயமும் பின்னால் அட்டை வாலுமாக முதலை நின்றது. நாடகம் முடிந்ததும் பள்ளியில் கொடுத்த பன்னில் பாதியை எனக்கென்று கொண்டுவந்து மேசையில் வைத்தது.

"அப்பா, எனக்கும் உங்க மேல கோபம். ஆனா எனக்கு எழுத வரலை. நீங்களே எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

'அன்புள்ள அப்பா' வரை எழுதினேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை.

"அவசரமில்லப்பா. உங்க வேலை முடிஞ்சப்புறம் எழுதுங்க," என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கடவுளே! எல்லை வகுக்கத் தெரியாதவன் என்றா என்னை நினைத்திருந்தேன்? இவளிடம் எவ்வளவு கச்சிதமாக வகுத்திருக்கிறேன்!