பற்ற வைக்காத பைப்

சிகரெட்டை விட்டுவிடுவதாகத்தான் வாக்குக் கொடுத்தேன். பைப்பைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. இந்த ஓட்டை போதாதா எனக்கு?

வாக்கு வாங்கியவள் என் மகள். மாசமாக இருந்தாள். "அப்பா, உங்க மேல புகை நாத்தம் அடிச்சா குழந்தைய உங்க கையில குடுக்கவே மாட்டேன்" என்றாள். வீட்டுக்காரி பக்கத்தில் நின்று ஒத்து ஊதினாள். விட்டேன். விட்ட நாளிலிருந்து கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. நான் கட்டில் மெத்தை விற்கிறவன். கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். "எங்கயாவது போய்ட்டு மனுஷனா திரும்பி வாய்யா" என்று முதலாளியே லீவு கொடுத்துத் துரத்திவிட்டார்.

அப்படித்தான் நானும் வீட்டுக்காரியும் அந்தக் கடற்கரை ஊருக்குப் போனோம். லாட்ஜுக்குப் போகிற வழியில் அந்தக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பைப்புகள். ஓரத்தில் நாலைந்து கைத்தடிகள். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தேன். வீட்டுக்காரி அதற்குள் வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்திருந்தாள். மெதுவாக ஆரம்பித்தேன்.

"உங்கப்பாவுக்கு முட்டி வலி அதிகமாயிடுச்சாமே, பாவம். ஒரு நல்ல கைத்தடி வாங்கிட்டு வரட்டுமா?"

"எங்கப்பாவுக்கா? நீங்களா?"

"ஏன், எனக்கு அவர் மாமனார் இல்லையா?"

"கல்யாணம் ஆன நாளா மாமனார்தான். இன்னைக்குத்தான் உங்க கண்ணுல பட்டாரா? சரி, போய்ட்டு வாங்க. எனக்குக் கால் வலிக்குது."

"நீ படு, படு. அலையாத."

"கடைப்படி ரொம்ப உசரம். பாத்து ஏறுங்க."

என்ன அக்கறை! பாவம், அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். படி உண்மையிலேயே உயரம்தான்.

உள்ளே கூரை வரைக்கும் மர அலமாரி. அதில் பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள். மேஜை மேல் சின்னத் தராசு. வாசனையோ ஆளையே தூக்கிற்று. கடைக்காரர் வாயில் ஒரு பைப். ஆனால் புகையைக் காணோம். புகையே தெரியாமல் குடிக்கிறாரே, கைதேர்ந்த ஆள்தான் என்று வியந்தேன்.

"வாங்க சார். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

வியாபாரப் பேச்சு. எனக்குத் தெரியாததா? ஒரு வளைந்த பைப்பை என் வாயில் வைத்துக் கண்ணாடியைக் காட்டினார்.

"அடடா! உங்க முகத்துக்குன்னே செஞ்சது சார்!"

இதையே முதுகுக்கு மாற்றிச் சொல்லி எத்தனை மெத்தையைத் தள்ளிவிட்டிருக்கிறேன்! இருந்தும் கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்ததும் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

"புகையிலை?" என்றேன் கனமான குரலில்.

உள்ளே போய் ஒரு ஜாடியைக் கொண்டுவந்தார். மூக்கை விட்டேன். என் மூக்கின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கர்வம் உண்டு.

"மலைச் சரக்கு. கொழுந்து இலை. கையால பறிச்சிருக்காங்க."

கடைக்காரருக்குப் புரையேறிவிட்டது. "புட்டுப் புட்டு வச்சிட்டீங்களே சார்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு வைத்தார்.

"ஒரு விஷயம் சார். புதுப் பைப்பை உடனே பத்த வச்சா மரம் வெடிச்சிடும். சும்மா வாயில வச்சுப் பழக்கணும். மழைக்காலம் போகட்டும், அப்புறம் பத்த வைங்க. அதுவரைக்கும் டப்பாவைத் திறக்காதீங்க, காத்து பட்டா போச்சு. நடுவுல சிகரெட்டும் கூடாது, நாக்கு செத்துடும்."

"அவ்வளவு நாளா?"

"அவசரக்காரனுக்குப் பைப் எதுக்கு சார்?"

ரோஷம் வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

"சார், மாமனார் கைத்தடி!"

கட்டித் தயாராக வைத்திருந்தார். மாமனாரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே? என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போலும்.

ஊர் திரும்பினோம். வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு வீட்டில் வளைய வந்தேன். சண்டை வந்தால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். சண்டைதான் வரவில்லை.

"எடுப்பாத்தான் இருக்கு, வச்சுக்குங்க" என்றாள் வீட்டுக்காரி. ஜெயித்துவிட்டேன்!

மழை பெய்தது. பைப் பழகியது. இருமல் நின்றது. மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்காமல் மெத்தை காட்டப் போனேன். பேத்தி பிறந்தாள். மகள் என் சட்டைக் காலரை மோந்து பார்த்துவிட்டுக் குழந்தையை நீட்டினாள். அந்தப் பிஞ்சு என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிற்று. விரலை உருவ எனக்கு மனசே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். கூடவே பயமும் வந்தது. மழைக்காலம் முடிந்தால்? பற்ற வைத்தால்? டப்பாவா, பேத்தியா? ஒரே ஒரு இழுப்பு, அப்புறம் குளித்துவிடலாம் என்று மனசுக்குள்ளேயே சமரசம் செய்துகொண்டேன்.

மழை விட்டது. குழந்தையைப் பார்க்கச் சம்பந்தி வந்தார். இதைவிட நல்ல சபை கிடைக்குமா? அவரை மாடி வராந்தாவுக்கு அழைத்துப்போய், பைப்பின் பெருமையெல்லாம் பேசி, மெழுகை உடைத்து டப்பாவை நீட்டினேன்.

சம்பந்தி மோந்தார். "டீ வாசனை அடிக்குதே சம்பந்தி?"

"மூக்குக்குப் பழக்கம் வேணும் சம்பந்தி. இது மலைச் சரக்கு."

பைப்பை நிரப்பித் தீக்குச்சியைக் கிழித்தேன். வீட்டுக்காரி பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, டீத்தூள் தீந்துபோச்சு. அந்த டப்பாவக் குடுங்க."

"அடியே! அது புகையிலைடி!"

"அந்த ஊர்ல காலையில நடக்கப் போனேனே, அந்தக் கடைக்குத்தான். முந்தின நாள் நீங்க கழுத்த வளைச்சு வளைச்சுப் பாத்தத நான் பாக்கலையா? கடைக்காரர் பைப்லயும் புகை கிடையாது, கவனிச்சீங்களா? அது அவர் வீட்டம்மா பண்ணின ஏற்பாடு. அந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க. தூள் மட்டும் நான் வாங்கிட்டுப் போய்க் குடுத்தது. எங்கப்பாவுக்குக் கைத்தடின்னு சொல்லித்தான் கிளம்புவீங்கன்னு தெரியும், அதையும் சொல்லி வச்சிட்டு வந்தேன்."

சம்பந்தி தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. தீக்குச்சி என் விரல் வரைக்கும் வந்துவிட்டது. அவளே குனிந்து ஊதி அணைத்தாள். பேத்தியைத் தூக்கி என் மடியில் போட்டாள். டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து குரல் வந்தது:

"உங்களுக்குச் சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?"