முட்டைப் பெட்டிக்குக் காவல்

பெட்டிக்குள் பல்பு எரியவில்லை.

சாவிக்காரர் கண்ணாடி வைத்த ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு மறு கண்ணால் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் இருட்டாகவே இருந்தது.

அந்த ஆரம்பப் பள்ளிக்கு அன்று முதல் ஐந்து நாள் விடுமுறை. விடுமுறை என்பது குழந்தைகளுக்கு. பூட்டுக்கு விடுமுறை கிடையாது; சாவி வைத்திருக்கிறவருக்கும் கிடையாது. கதவு திறப்பது, மணி அடிப்பது, தொட்டி நிரப்புவது, யாராவது வாந்தி எடுத்தால் பெஞ்சு கழுவுவது எல்லாம் அவர்தான். இடுப்பில் முப்பது சாவி தொங்கும். அவர் வருவதற்கு முன் அவர் சத்தம் வரும்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் பயிற்சிக்காக வெளியூர் போகும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“அண்ணா, உங்களை நம்பித்தான் இந்தப் பெட்டியை விட்டுட்டுப் போறேன். சூடு குறையக் கூடாது. காலையிலயும் சாயந்திரமும் தெர்மாமீட்டர் என்ன காட்டுதோ அதை இந்தச் சீட்டுல எழுதுங்க. என்ன ஆனாலும் பெட்டியை மட்டும் திறக்காதீங்க.”

ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அட்டைப் பெட்டி, அடியில் வைக்கோல், மேலே பல்பு, நடுவில் பென்சிலால் நம்பர் போட்ட பன்னிரண்டு முட்டைகள். இதில் கேட்க என்ன இருக்கிறது? அந்தப் பெட்டிக்கு ஒயர் மாட்டிக் கொடுத்ததே அவர்தான். மாட்டி, விடுமுறையின் முதல் நாளோடு பதினாறு நாள். கோழி அடைகாக்க இருபத்தொரு நாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பள்ளி திறக்கிற நாளும் குஞ்சு வெளியே வருகிற நாளும் அச்சாகப் பொருந்தின. அன்றைக்குத்தான் பெற்றோர்கள் வந்து பார்க்கிற அறிவியல் நாளும். டீச்சர் பெரிய கணக்குக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

இதில் அவருக்குச் சொந்த விவகாரம் ஒன்றும் இருந்தது. அவர் மகளும் அதே மூன்றாம் வகுப்புதான். துடைப்பத்தோடு அவர் வராந்தாவில் வந்தால் அவள் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். “அது யாருடி?” என்று ஒருத்தி கேட்டதற்கு, “இங்க வேலை பாக்கறவரு,” என்று சொன்னதை அவரே காதால் கேட்டிருக்கிறார். பொய் ஒன்றும் இல்லையே என்று அன்று இரண்டு வகுப்பறை அதிகமாகப் பெருக்கினார்.

பெட்டி அவர் பொறுப்புக்கு வந்த நாளில் எல்லாம் மாறியது. வகுப்பு வாசலில் நின்று அவள் உரக்கச் சொன்னாள். “பெட்டியை எங்கப்பாதான் பாத்துக்கப்போறாரு.”

எங்கப்பா. ஐந்து எழுத்து. மூன்று வருடமாக அந்தக் கட்டிடத்துக்குள் கேட்காத ஐந்து எழுத்து. அம்மாவோடு மாமா வீட்டுக்கு விடுமுறைக்குக் கிளம்பும்போதும் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, “அப்பா, ஏழாம் நம்பர் எங்க குரூப்போடது,” என்றாள்.

இப்போது ஏழாம் நம்பர் இருட்டில் கிடந்தது.

பெட்டியைத் திறந்தார். வேறு வழியில்லை. பல்பைக் கழற்றி ஆட்டினார். உள்ளே கலகலவென்றது. கடைகள் பூட்டு. தலைமையாசிரியர் அறைக்குப் போய் மேசை விளக்கிலிருந்த பல்பைக் கழற்றிவந்து மாட்டினார். பெட்டிக்குள் சூரியன் உதித்தது.

நிம்மதியாகத் தொட்டி நிரப்பிவிட்டு வந்தவருக்கு அட்டை வறுபடும் வாசனை மூக்கில் ஏறியது. தெர்மாமீட்டர் ஐம்பத்திரண்டு காட்டியது.

“ஐயையோ, வெந்துரும்,” என்று சாக்கு ஒன்றை நனைத்துப் பெட்டிமேல் போட்டார். சாக்கிலிருந்து ஒரு சொட்டு ஒழுகி நேராகப் பல்பின்மேல் விழுந்தது. படார். பெட்டி, அறை, வராந்தா, குடிநீர் மோட்டார், மொத்தப் பள்ளியும் ஒரே நொடியில் அணைந்தது.

சத்தம் கேட்டுப் பள்ளி வேன் டிரைவர் ஓடி வந்தார். விடுமுறையில் வேனைப் பள்ளி வளாகத்திலேயே நிறுத்தி, அதற்குள்ளேயே தூங்குகிற மனிதர்.

“என்னண்ணே, ஸ்கூலையே அணைச்சுட்டீங்களா?”

“தம்பி, முட்டை குளிர்ந்துரும். ஏதாவது வழி சொல்லு.”

டிரைவருக்கு வழி சொல்வதென்றால் பிடிக்கும். “என் சீட்டுக்குப் பக்கத்துல இன்ஜின் மூடி இருக்குல்ல, அதுமேல பழைய சோத்தை வெச்சாக்கூடச் சுடுசோறாயிரும். பிரேக் பாக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போறேன். ஏத்துங்க.”

பன்னிரண்டு முட்டைகளும் போர்வைக்குள் சுற்றப்பட்டு வேனில் ஏறின. ஒவ்வொரு வேகத்தடைக்கும் சாவிக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

“மெதுவா போடா.”

“இதுக்குமேல மெதுவா போனா வண்டி பின்னாடி போகும்ணே.”

பிரேக் பார்க்கப் போகிற வண்டியில் பிரேக் எப்படி இருக்கும்? மாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தார். எல்லாம் சேர்த்து நடந்தது. மூட்டையிலிருந்து ஒரு முட்டை நழுவித் தகரத் தரையில் விழுந்து, வேனின் கடைசி சீட்டு வரை உருண்டு போனது.

சாவிக்காரர் தவழ்ந்து போய் எடுத்தார். ஏழாம் நம்பர்.

தோட்டில் மெல்லிய கீறல். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

டிரைவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணே, இது விழுந்த கீறல் இல்ல. உள்ளேருந்து கொத்துது.”

“நெசமாவா?”

“வெறும் முட்டையா இருந்தா இந்நேரம் வழிஞ்சிருக்காதா? உள்ள தண்ணி இல்ல. ஆளு இருக்கு.”

மறுநாள் பூராவும் மின்சாரம் வரவில்லை. சாவிக்காரர் முட்டைகளை ஒரு துண்டில் வரிசையாகக் கட்டி வயிற்றில் சுற்றிக்கொண்டார். அதற்குமேல் சட்டை, அதற்குமேல் ஸ்வெட்டர். குனிய முடியாது, அதனால் பெருக்கவில்லை. சாய முடியாது, அதனால் உட்கார்ந்தே தூங்கினார். தெர்மாமீட்டரைத் தன் அக்குளில் வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு. காலையிலும் சாயந்திரமும் அதையே சீட்டில் எழுதினார்.

மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்தார். புதுப் பல்பு வந்தது. முட்டைகள் பெட்டிக்குத் திரும்பின. ஒரு முன்னெச்சரிக்கைக்காக டிரைவர் ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“உள்ள ஒண்ணுமே தெரியலயேண்ணே. கும்மிருட்டு.”

“செத்துருச்சா?”

“அட, நல்ல சேதிண்ணே. வெளிச்சம் நுழைய இடமில்லாம குஞ்சு ரொம்பி நிக்குது. பன்னண்டும் ஹவுஸ்ஃபுல்.”

சாவிக்காரர் அன்றைக்குப் படுத்துத் தூங்கினார்.

நான்காம் நாள் காலையில் மூன்றாம் வகுப்பு அறையைத் திறந்ததும் வாசனை அவரை இரண்டடி பின்னால் தள்ளியது. மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியை நெருங்கினார். சந்தேகமே இல்லை. பெட்டியிலிருந்துதான்.

டிரைவர் வாசலோடு நின்றுவிட்டார். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எல்லாம் கூமுட்டை.”

சாவிக்காரர் குழந்தைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

“நாந்தான் கொன்னுட்டேன். மொதல்ல குளிர விட்டேன். அப்புறம் வேக விட்டேன். அப்புறம் வயித்துல கட்டி அமுக்கிட்டேன்.”

“வேணும்னா செஞ்சீங்க?”

“எம்பொண்ணு மறுபடி சுவத்துப் படத்தைப் பாக்க ஆரம்பிச்சிருவா, தம்பி.”

டிரைவருக்கு அது புரியவில்லை. ஆனால் மனிதர் குரல் புரிந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “குஞ்சுதானே வேணும்? பறவைக் கடையில கெடைக்குமே.”

இருவரும் பன்னிரண்டு முட்டைகளையும் அதே துண்டில் சுற்றி, வாழைமரத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். உடைத்துப் பார்க்கும் தைரியம் இருவருக்கும் இல்லை. சாவிக்காரர் இடுப்புச் சாவிகளைக் கையால் பொத்திச் சத்தமில்லாமல் ஒரு நிமிடம் நின்றார்.

பறவைக் கடையில் பதினோரு கோழிக்குஞ்சுதான் இருந்தது.

“பன்னண்டு இல்லாம முடியாதுங்க,” என்றார் சாவிக்காரர்.

“பன்னண்டாவதுக்கு வாத்து தரட்டுமா? குஞ்சுல எல்லாம் ஒரே மஞ்சள்தான்,” என்றார் கடைக்காரர்.

“மூக்கு தட்டையா இருக்கே.”

“வளர வளரக் கூராயிரும்.”

கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே டிரைவர் சொன்னார். “வாங்குங்கண்ணே. கூட்டத்துல யாரு மூக்கைப் பாக்கப் போறா?”

குஞ்சு இருந்தால் போதுமா? தோடு வேண்டும். தோட்டுக்கு முட்டை வேண்டும். ஐந்தாம் நாள் இருவரும் பன்னிரண்டு முட்டை வாங்கி, குஞ்சு உடைத்த மாதிரி பொறுமையாக உடைத்து, உள்ளே இருந்ததைப் பொரித்துத் தின்றார்கள். ஆறாவது முட்டைக்குமேல் டிரைவர் பேசுவதை நிறுத்திவிட்டார். சாவிக்காரர் தோடுகளைக் கழுவிக் காயவைத்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை பென்சிலால் நம்பர் எழுதினார். ஏழாம் நம்பரை மட்டும் இரண்டு தடவை அழித்து எழுதினார்.

பள்ளி திறந்த அன்று மூன்றாம் வகுப்புக்குள் நிற்க இடமில்லை. அப்பாக்கள், அம்மாக்கள், இடுப்பில் இருந்த தம்பி தங்கைகள், எதிர்ப்பக்கத்துத் தையல்காரர்கூட வந்திருந்தார். டீச்சர் பயிற்சியிலிருந்து நேராக, பையும் கையுமாக வந்தார். வந்ததுமே கைக்குட்டையை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். எதற்கென்று சாவிக்காரருக்குத் தெரியவில்லை. அறையை அவர் மூன்று தடவை பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்.

“எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கோங்க. சாவிக்கார அண்ணா, இப்ப திறங்க,” என்றார் டீச்சர்.

திறந்தார்.

பன்னிரண்டு குஞ்சுகளும் ஒரே நேரத்தில் கீச்சென்றன.

பெற்றோர்கள் கை தட்டினார்கள். மூன்றாம் வகுப்பு மட்டும் தட்டவில்லை. முப்பத்தாறு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று சாவிக்காரர் நினைத்தார். டீச்சரின் கைக்குட்டை கீழே விழுந்தது.

“அண்ணா,” என்றார் டீச்சர் மெதுவாக. “இது... நான் வெச்சுட்டுப் போன முட்டையிலேருந்தா வந்துச்சு?”

“ஆமா டீச்சர். நம்பரைப் பாருங்க.”

டீச்சர் ஒரு தோட்டை எடுத்து நம்பரைப் பார்த்தார். உள்பக்கம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு நீந்தற மாதிரி நடக்குதே,” என்றார் தையல்காரர்.

“பொறந்து ரெண்டு மணி நேரம்தாங்க ஆகுது. அப்படித்தான் நடக்கும்,” என்று வாசலில் இருந்து டிரைவர் குரல் கொடுத்தார்.

தலைமையாசிரியர் முகம் பூரித்துப் போயிருந்தது. தன் மேசை விளக்கு எரியாதது அவருக்கு இன்னும் தெரியாது. “டீச்சர், எப்படி செஞ்சீங்கன்னு பெற்றோருக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன்.”

டீச்சர் கையிலிருந்த தோட்டைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

“சரி, பிள்ளைங்க யாராவது சோதனை நோட்டைப் படிங்க,” என்றார் தலைமையாசிரியர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாவிக்காரரின் மகள் முன்னால் வந்தாள். கையில் நோட்டு. சுவரில் ஆயிரம் படங்கள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. கடைசி வரியைப் பென்சிலால் அவசரமாக எழுதி முடித்துவிட்டு, நேராக அப்பா பக்கத்தில் வந்து நின்று, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

“அவித்த முட்டை சூட்டில் எத்தனை நாளில் கெட்டுப்போகும் என்று பார்க்க வைத்தோம். எங்கப்பா பார்த்துக்கொண்டதால் கெட்டுப்போகவில்லை, குஞ்சு பொரித்துவிட்டது.”