ஆறு பார்கோடும் ஒரு மாமனாரும்

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை.

கண்ணியத்துக்குரிய மருமகன் முனீப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் இங்கு சுகம். நீங்களும் மகள் றிஷானாவும் கொழும்பில் அவ்வாறே இருக்க துஆச் செய்தபடி மாமா அபூதாஹிர் எழுதுவது. போனில் சொன்னால் றிஷானா பக்கத்தில் நிண்டு சிரிப்பா. அதனால் கடிதமாக, இண்டைய பஸ்ஸில் குடுத்து விடுறன்.

விசயம், உங்கட ஹெட் ஒபிஸ் எங்கட துறைமுக ஸ்டோர்ஸுக்கு அனுப்பின கையடக்க மெசின். கப்பலால இறங்குற மூட்டைகளை இனிக் கொப்பியில எழுதப்படாது, இதாலதான் ஸ்கேன் பண்ண வேணுமாம். திங்கட்கிழமை கப்பல் வருது. அதுக்குள்ள மெசினுக்குள்ள அப் எண்டுற புரோகிராம் எல்லாம் ஏத்தி முடிக்காட்டி, என்னைக் கப்பல் கட்டுற ஜெட்டியில இருந்து தூக்கி, வாசல் கேட்டடியில லொறி நம்பர் எழுத வைக்கப்போறாங்க. முப்பத்தொரு வருசம் கப்பலுக்குப் பக்கத்தில நிண்ட மனிசன் மருமகன், கேட்டடியில நிண்டு நான் என்னத்தைப் பார்க்கிற?

மெசின் நல்ல மெசின்தான், பொய் சொல்லப்படாது. செங்கல் கணக்காப் பாரம். விழுந்தாலும் உடையாது, நனைஞ்சாலும் ஒண்டும் ஆகாதெண்டாங்க, உண்மையோ எண்டு பார்க்க ரெண்டு தரம் சீமெந்துத் தரையில போட்டனான், பிறகு வாளித் தண்ணிக்குள்ள வைச்சன், சுபுஹானல்லாஹ், உள்ளுக்குக் கிடந்து வெளிச்சம் அடிக்குது! மாமியைக் கூப்பிட்டுக் காட்டினன். மாமி வாளியைத்தான் பார்த்தா, அது குசினி வாளி.

அப் ஏத்த ஒரு தாள் தந்தாங்க, ஒரே வரிசையில ஆறு பார்கோட். ஸ்கேன் பண்ணப் பண்ண ஒவ்வொண்டா ஏறுமாம். நல்ல காரியம் எண்டா நாம வலப்பக்கத்தாலதானே தொடங்குற? பிஸ்மி சொல்லி வலப்பக்கத்தால தொடங்கினன். கீழ கடுகளவில இலக்கம் கிடந்ததைப் பிறகுதான் கண்டனான். நான் முதல் பிடிச்சது ஆறாவது. அது, எல்லா அப்பும் ஏறின பிறகு ஒருத்தரும் கை வைக்காம மெசினைப் பூட்டுறதாம். நான் முதல் வேலையா வெறும் மெசினைப் பூட்டிப்போட்டன். "அபூதாஹிர் நானா, காலி வீட்டைப் பூட்டித் திறப்பையும் உள்ளுக்கு வைச்சிட்டீங்க" எண்டு ஸ்டோர்ஸ் தனஞ்சயன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு அழுகை வருது.

ஆகவே, மாமாவுக்குக் கண் பார்வை குறைவு எண்டு மேனேஜரிட்ட மெதுவாச் சொல்லி, மெசினைத் திருப்பி எடுப்பிச்சு, என்னைக் கொப்பியோடயே ஜெட்டியில விடச் சொல்லுங்க.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

இப்படிக்கு,
மாமா அபூதாஹிர்

பி.கு.: மேனேஜரிட்ட ஒண்டும் சொல்லிப்போடாதீங்க! கடிதத்தை ஒட்டுறதுக்கு முதல், மெசினுட பக்கத்தில உள்ள ரெண்டு பட்டனையும் ஒண்டா அமுக்கினா என்ன நடக்கும் எண்டு பார்த்தன். எல்லாம் அழிஞ்சு மெசின் புதுசா வந்திட்டு. இந்த முறை இடப்பக்கத்தால போனன், ஆறும் ஏறிட்டு! சீனிப் பக்கெட்டை ஸ்கேன் பண்ணினன், கப்பலில அப்படி ஒரு பொருள் இல்லையாம். என்ன நேர்மை! இனி ஆர் வந்து கேட்டாலும் மெசினைக் குடுக்கமாட்டன். மெசின் திரையில மூலையில சிவப்பா ஒரு கட்டம் இருக்கு, அமுக்கினா என்ன வரும் எண்டு மட்டும் ஒரு வரி எழுதுங்க.

எழுத வேணாம், அமுக்கிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வாங்க மருமகன்.