மேட்டுக் குழாயும் முதுகலைச் சட்டமும்

இளையபெருமாளுக்கு முதலில் அநியாயம் செய்தவர் இன்ஜினியர் நீலகண்டன். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அநியாயம் செய்ய நிறையப் பேர் வரப்போகிறார்கள்; வரிசை குழம்பிவிடக் கூடாது. வரிசை விஷயத்தில் இளையபெருமாள் கண்டிப்பானவர்.

காரைக்காலை ஒட்டிய கீழவாய்க்கால் தெருவில், மழைத்தண்ணீர் வடிவதற்காக ஒரு சிமெண்ட் குழாய் புதைக்கப்பட்டது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் என்றுதான் அதுவரை அந்தத் தெரு நம்பிக்கொண்டிருந்தது. நீலகண்டன் வாய்க்கால் பக்கத்து முனையை ஒரு சாண் தூக்கி வைத்துவிட்டார். ஐப்பசி மழையில் வாய்க்கால் தண்ணீர் அந்த வழியாகவே தெருவுக்கு விருந்தாட வந்தது. திரும்பிப் போகத்தான் வழியில்லை. நேராக இளையபெருமாள் வீட்டுக் கொல்லைக்குப் போய், அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. சுவர் விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது.

நீலகண்டன் வந்து பார்த்தார். நல்ல மனுஷனைப் போலத் தலையைச் சொறிந்தார்.

"கொஞ்சம் ஏறித்தான் போச்சுண்ணே. அடுத்த வாரம் ஆளை விட்டு இறக்கிடறேன்."

"இறக்குறது இருக்கட்டும் சார். நான்தான் மண்ணைக் கொட்டி அடைச்சேன்னு தெருவே பேசுது. தப்பு உங்களுதுன்னு நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்."

"அதுக்கென்னண்ணே, சொல்லிட்டாப் போச்சு."

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் நடுவில் ஒரு சனிக்கிழமை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நீலகண்டன் மேற்படிப்பில் சேர்ந்தார்.

அது சட்டமே படிக்காத உத்தியோகஸ்தர்களுக்கான சட்ட முதுகலைப் படிப்பு. கறுப்புக் கோட்டு வேண்டாம், கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் செல்போனைப் பார்த்தால் போதும். எங்கோ வடக்கே ஒரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்துவிடும். இந்தப் பட்டத்தை வைத்துக் கோர்ட்டில் வாதாட முடியாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அதனால் படித்தவர்கள் கோர்ட்டை விட்டுவிட்டு மற்ற எல்லா இடங்களிலும் வாதாடினார்கள்.

அதே தெருவில், துபாயில் கணக்கெழுதி ஓய்வுபெற்று வந்த நூர் அகமது பாய் வீட்டு மாடியில் நெட்டு நன்றாக எடுக்கும். ஆகவே வகுப்பு அங்கே கூடியது. பல் டாக்டர் சேர்ந்தார், பேங்க் மேனேஜர் சேர்ந்தார். பாய், வீடு தன்னுடையது என்பதால் தானும் சேர்ந்தார். சேராதவர்களை, ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்பதுபோல் ஊர் பார்க்கத் தொடங்கியது.

இளையபெருமாள் நீலகண்டனை ஆபீஸில் பிடித்தார்.

"சார், குழாய்?"

"எந்தக் குழாய்?"

"நீங்க ஏத்தி வெச்ச குழாய்."

"ஏற்றி வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் குழாய்," என்று நீலகண்டன் திருத்தினார். "இப்ப நான் போய் இறக்கினேன்னு வைங்க, முன்னாடி ஏத்துனதை நானே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும். போன வாரப் பாடமே அதான்."

"அன்னிக்கே ஒப்புக்கிட்டீங்களே சார்?"

"அன்னிக்கு நான் படிக்காதவன்ணே."

பாடம் ஊருக்குள் பரவியது. முதலில் காணாமல் போனது மன்னிப்பு. மார்க்கெட்டில் ஸ்கூட்டரை இடித்தவர்கள், "இப்படி ஒரு சம்பவம் என் கவனத்துக்கு வந்துள்ளது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நூர் அகமது பாய் மகள் நிக்காஹ் பத்திரிகையின் அடியில், 'விருந்தின் ருசிக்கு அழைப்பவர் பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருந்தது. ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பாராட்டினால் எதிலாவது மாட்டிக்கொள்வோமோ என்று ஒருவரும் பாராட்டவில்லை. பாய் மனைவி மஹ்பூபா மூன்று நாள் அழுதார்.

இதற்கிடையில் தண்ணீரில் நின்று நின்று இளையபெருமாளின் பசுவுக்குக் குளம்பு புண்ணாகிவிட்டது. மாட்டு டாக்டர் விஷ்ணுப்ரியா வந்தார். அவரும் மாடி வகுப்பில் படிப்பவர்தான்.

"குளம்பு அழுகிப்போச்சும்மா, தண்ணியில நின்னு," என்றார் இளையபெருமாள்.

"தண்ணியாலதான்னு நீங்க சொல்றீங்க. தண்ணித் தரப்பை யாராவது கேட்டீங்களா?"

"தண்ணி எப்படிம்மா பேசும்?"

"அப்ப எப்படிங்க அது மேல பழி போடுறது? மருந்து கொடுத்தா நோய் இருக்குன்னு நானே முடிவு செஞ்ச மாதிரி ஆயிடுமே." பசுவின் முதுகை மட்டும் அன்பாகத் தடவிக்கொடுத்தார். தடவினதும் சிகிச்சையாகாது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

இது அநியாய வரிசையில் இரண்டாவது. இளையபெருமாள் மனதில் குறித்துக்கொண்டார்.

நிஜமான வக்கீலிடமே போய்விடலாம் என்று சிவநாதனைத் தேடிப் போனார். அவர் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, கொத்தனார் மட்டப்பலகை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊரே சட்டம் படிச்சிட்டு. எங்கிட்ட யாருங்க வர்றா? அதான் கட்டடம் கட்டத் தெரியாதவங்களுக்கான இன்ஜினியரிங்கில சேர்ந்துட்டேன்."

"அப்ப நீங்களே வந்து குழாயை இறக்கிடுங்களேன்!"

"ஏத்துற பாடம்தான் முடிஞ்சிருக்கு. இறக்குறது அடுத்த வருஷம்."

மூன்றாவது அநியாயம்தான் பெரியது. மாடி வகுப்புக்கு ஆய்வுக் கட்டுரை எழுத ஒரு வழக்கு தேவைப்பட்டது. இளையபெருமாள் கொல்லையை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். குடை பிடித்துக்கொண்டு வந்து, தண்ணீரைப் படம் எடுத்தார்கள், வெடிப்பைப் படம் எடுத்தார்கள். போகும்போது நூர் அகமது பாய் அன்பாகச் சொன்னார்: "பெருமாளு, கட்டுரை முடியிற வரைக்கும் ஒண்ணையும் கலைச்சிடாதீங்க. எல்லாம் சாட்சி."

"சுவரு விழுந்துடும் பாய்."

"விழுந்தா இன்னும் பலமான சாட்சி. அல்லா போதுமானவன்."

இளையபெருமாளின் மனைவி ராஜத்துக்கு இந்தப் படிப்பெல்லாம் ஏறவில்லை. கார்த்திகையில் ஒரு மத்தியானம் மழை ஊற்றியபோது, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு குழாய்க்குக் கிளம்பினாள். செய்தி கேட்டு நீலகண்டன் ஓடிவந்து, வெளியே துருத்திக்கொண்டிருந்த குழாய் முனைமேல் ஏறி நின்றார். "உடைக்காதீங்க! இது அரசாங்கச் சொத்து!"

"தள்ளு சார்! எங்க வீடு என்ன அனாதைச் சொத்தா?"

இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். ராஜத்தின் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார். தெரு கைதட்டியது. முதல் அடி அவருடையதாக இருப்பதுதானே நியாயம்.

அவர் கடப்பாரையோடு போய் நீலகண்டன் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டார்.

"ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!"

"உமக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் ராஜம்.

"போடி! இதை உடைச்சுத் தண்ணி வடிஞ்சிட்டா, இவர் செஞ்ச தப்புக்கு என்ன அத்தாட்சி இருக்கு? நாளைக்கே, தண்ணியா, எந்தத் தண்ணின்னு கேப்பாரு. தப்பு என்னுதுன்னு அவர் வாயால வரணும். அப்புறம் வடியட்டும்."

நீலகண்டன் அவரை மரியாதையோடு பார்த்தார். "நீங்க எங்கண்ணே படிச்சீங்க?"

அப்போது கொல்லைப் பக்கம் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. ராஜம் ஓடினாள். திரும்பி வந்தபோது தலைமுடியெல்லாம் செம்மண்.

"அடுப்படிச் சுவரு விழுந்துட்டு."

"விழுறப்ப யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார் இளையபெருமாள்.

ராஜம் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "போலகத்துக்குப் போறேன், எங்க அண்ணன் வீட்டுக்கு. அங்க தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடுது." பசுவையும் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

அவள் தண்ணீரில் நடந்துபோவதை நீலகண்டன் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன இருந்தாலும் மனுஷன்தானே. "அண்ணே," என்றார், "தப்பு..."

மாடி ஜன்னல் திறந்தது. "இன்ஜினியர் சார்! யோசிச்சுப் பேசுங்க!" என்று நூர் அகமது பாய் குரல் கொடுத்தார்.

நீலகண்டன் வாயை மூடிக்கொண்டார்.

பாதி வார்த்தை வந்துவிட்டது, மீதி பாக்கி நிற்கிறது என்கிறார் இளையபெருமாள். அதை வாங்காமல் குழாயைவிட்டு இறங்குவதாக இல்லை. மழை இன்னும் விடவில்லை. இப்போது தெருவில் மற்ற வீட்டுச் சுவர்களும் வெடிக்கத் தொடங்கியிருக்கின்றன. குழாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.