நான் பேசாத நாற்பத்திரண்டு வரிகள்

சால்வாதியெர்ரா,
வியாழக்கிழமை.

"லா காம்பானா" நாளிதழின் விளையாட்டுப் பக்க ஆசிரியர், மதிப்புக்குரிய தோன் அனக்லேதோ ஐயா அவர்களுக்கு,

கார்ஸாஸ் பெண்கள் கால்பந்து அணியின் நடுக்கள ஆட்டக்காரி யாரெலி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்கக் குவாதலூபே மாதாவை வேண்டிக்கொள்கிறேன். தங்களுக்கு முழங்கால் வலி என்று எங்கள் சாப்பாட்டுக் கடையில் கோர்தித்தா ரொட்டி சாப்பிடும்போது சொன்னீர்களாம். அம்மா சொன்னார். அதுவும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இத்துடன் மரியாதை முடிந்தது. இனி நான் கோபமாக எழுதப் போகிறேன்.

திங்கட்கிழமை தங்கள் பத்திரிகையில் என் பேட்டி வந்திருக்கிறது. புகைப்படம் போக நாற்பத்திரண்டு வரி. எண்ணிப் பார்த்தேன். ஐயா, அந்தப் பேட்டியை நான் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் தங்கள் நிருபர் ரூபென் என் மூக்குக்குக் கீழே மைக்கை நீட்டி, "ஜெயிச்சதப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்றார். நான் என் பூட்ஸைப் பார்த்தேன். "என்ன, வாயில தமாலே கொழுக்கட்டைய அடைச்சு வெச்சிருக்கியா? சும்மா சொல்லு" என்றார். "நன்றி" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. மீதி எல்லாம் யார் பேசியது?

நான் பேசுகிற ஆள் இல்லை, ஐயா. கிளப்பில் கூப்பிட்டார்கள், அதனால்தான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று அம்மா ஊருக்குச் சொல்கிறார். உண்மை என்னவென்றால், வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். கால்பந்தில் காலுக்கு மட்டும்தான் வேலை என்று நம்பி ஓடிவந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, கோல் போடுகிறவள் ஊமையாக இருந்தாலும் பிழைத்துக்கொள்வாள், நடுவில் நிற்கிறவள் மட்டும் தொண்ணூறு நிமிடமும் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று. திரும்பு, முன்னால் விடு, எனக்குக் கொடு, பின்னால் ஆள் வருகிறாள். எங்கள் பயிற்சியாளரை நாங்கள் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருடமாக அவர் என்னிடம் பாடுவது ஒரே பாட்டு: "உன் காலு பேசுது யாரெலி, எனக்குக் கேக்குது. பந்து வெச்சிருக்கிறவளுக்குக் கேக்கணும்ல?" இந்தப் பருவத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. வரும் சனிக்கிழமை கடைசி ஆட்டம். அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர் முடிவு செய்வார். இந்த நேரம் பார்த்தா ரூபென் எனக்கு வாய் முளைக்க வைக்க வேண்டும்?

அவர் எழுதியதைப் பாருங்கள். "தினமும் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன்" என்று நான் சொன்னேனாம். செவ்வாயன்று கிளப் விடுதியில் என் கட்டிலுக்குப் போனால், ஒரு பந்துக்குத் தலையணை வைத்துப் போர்வையும் போர்த்தியிருக்கிறார்கள். "சத்தம் போடாதடி, மாப்பிள்ளை தூங்குறாரு" என்கிறாள் கூட ஆடுகிற லூபித்தா. போகட்டும். "என் வேகத்துக்குக் காரணம் அம்மா செய்யும் மொலே குழம்பு" என்றேனாம். ஐயா, மொலேவுக்கு இருபது சாமான் அரைக்க வேண்டும். எங்கள் அம்மா ஒரு சட்னியை இரண்டு நாள் ஓட்டுகிறவர். இப்போது கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "மொலே எங்கே?" என்று கேட்கிறார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "எம் பொண்ணு இவ்வளவு பேசிருக்கா பாருங்க!" என்று பேட்டியை வெட்டி, கடையில் மாதா படத்துக்கு வலது பக்கம் ஒட்டிவிட்டார். நான் பேசவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். முப்பத்தோராவது வரியை மட்டும் பொறுக்க முடியாது. "நொஹேமி அக்காவின் கால்கள் களைத்துவிட்டன, இனி அணியை நான் சுமக்கத் தயார்." நொஹேமி அக்கா எங்கள் கேப்டன். எனக்குப் பூட்ஸ் நாடாவை இரட்டை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவர். அன்றிலிருந்து பயிற்சியில் எனக்கு ஒரு பந்துகூட வருவதில்லை. விளக்கம் சொல்லலாம் என்று அவர் முன்னால் போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. "என்னடி, பேப்பர்காரனப் பாத்தா அருவி மாதிரி கொட்டுது, என்னப் பாத்தா மட்டும் பூட்டிக்கிச்சா?" என்றார். பேசவில்லை என்று சொல்வதற்கும் பேச வேண்டியிருக்கிறதே, ஐயா! நான் என்ன செய்வேன்? வாத்தியார் அதற்கு மேல். "நாப்பது வரி பேசத் தெரியுது, மைதானத்துல ஒரு வார்த்தை வராதா? சனிக்கிழமை பெஞ்சுல உக்காந்து யோசி."

ஆகவே, யாரெலி சொன்னது "நன்றி" மட்டுமே என்று சனிக்கிழமைக்குள் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பு வெளியிட வேண்டும். ரூபென் ஐயா இனிமேல் என்னிடம் மைக்கை நீட்டக் கூடாது. நீட்டினால் நான் பூட்ஸைப் பார்ப்பேன், அவர் "பூட்ஸைப் பார்த்தாள்" என்று எழுதட்டும்.

தங்கள் முழங்காலுக்கும் வீட்டாருக்கும் மாதா துணை இருக்கட்டும். கடைக்கு வந்தால் அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

மிகுந்த கோபத்துடனும் மரியாதையுடனும்,
யாரெலி

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை: கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. தபால் நிலையத்தில் ஆளிடம் பேச வேண்டியிருந்தது. நேற்று எழுபதாவது நிமிடத்தில் லூபித்தாவுக்குக் கால் பிசகி, வேறு ஆள் இல்லாமல் வாத்தியார் என்னை இறக்கினார். பந்தே வரவில்லை. விளக்குக் கம்பம்போல நின்றேன். அப்போது நொஹேமி அக்காவிடம் பந்து இருக்கிறது, முதுகுப் பக்கமிருந்து எதிரணிக்காரி பாய்ந்து வருகிறாள், அக்கா பார்க்கவில்லை. எனக்குள் என்ன உடைந்ததோ தெரியாது. "அக்கா! பின்னால ஆளு! எனக்குக் குடு!" என்று கத்திவிட்டேன். கத்தியது நிற்கவில்லை. "அந்தப் பேட்டிய நான் குடுக்கவே இல்ல! சத்தியமா! எங்கம்மாவுக்கு மொலே செய்யவே தெரியாது!" கூட்டத்தில் அம்மா எழுந்து, "யாருடி சொன்னா தெரியாதுன்னு?" என்று கத்தினாராம். எனக்கு அது கேட்கவில்லை, பந்து வந்துவிட்டது. நான் முன்னால் தள்ளினேன், கோல். நொஹேமி அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்து, "இத திங்கக்கிழமையே கத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு வாரமா ரெண்டு காலுக்கும் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு கெடக்கேன்" என்றார். வாத்தியார் இன்னும் இரண்டு வருடம் இரு என்றார்.

பிறகு ரூபென் ஐயா மைக்கோடு வந்தார். இந்த முறை "நன்றி"கூட வரவில்லை.

எனவே மறுப்பு எதுவும் வேண்டாம். அவரையே ஏதாவது நல்லபடியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நொஹேமி அக்காவின் கால்கள் இன்னும் பத்து வருடம் ஓடும் என்று நான் சொன்னதாக இருக்கட்டும். அம்மா செய்வது கோர்தித்தா என்று இருக்கட்டும். நாற்பத்திரண்டு வரிக்குக் குறைய வேண்டாம். மாதா படத்துக்கு இடது பக்கம் அதே அளவுக்கு அம்மா இடம் ஒதுக்கி வைத்துவிட்டார்.