தரகர் பார்த்த கடைசி மாப்பிள்ளை வீடு

என் நாட்குறிப்பில், போன ஆவணி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: “நாளை மாப்பிள்ளை வீடு பார்க்கத் தரகர் கூப்பிடுகிறார். மாப்பிள்ளை யார் என்று சொல்ல மறுக்கிறார்.” உறுதியான செய்தியை மையிலும் உறுதியாகாததைப் பென்சிலிலும் எழுதுவது என் வழக்கம். இது மை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் தரகர் செருப்பைப் புரட்டிப் பார்க்காத வாசலே கிடையாது. கல்யாணத் தரகரான அவருக்கு எங்கள் தெருவில் வேறு பெயரும் கிடையாது; ரேஷன் அட்டையில் இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளை எடுத்து அடிப்பக்கம் பார்ப்பார்.

“ஜாதகம் பொய் சொல்லும் தம்பி. செருப்பு சொல்லாது.”

ஒரு மண்டப வாசலில் செருப்புத் திருடன் என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவருக்கே அடுத்த முகூர்த்தத்தில் பெண் பார்த்துக் கட்டிவைத்துவிட்டார். அது தண்டனையா வெகுமதியா என்று தெரியவில்லை.

அவர் பார்த்த முதல் வரன் தனக்கேதான். “பொண்ணு பாக்கப் போனேன். பாத்ததும் சரின்னுட்டா” என்று மார்தட்டுவார். உடனே அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும். அவரை நான் அத்தாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

“யோசிச்சுச் சொல்றேன்னுதேன் சொன்னேன். அதுக்குள்ள எங்கய்யா தட்ட மாத்திப்புட்டாக!”

இந்த வழக்கு என் நாட்குறிப்பில் பல பக்கங்களில் பென்சிலில் கிடக்கிறது. அன்று கூடத்தில் இருந்த சாட்சிகள் ஒருவரும் இன்று இல்லை.

பிறகு அத்தாச்சிக்கு மறதி வந்தது. முதலில் உப்பு மறந்தது, அப்புறம் தெரு. ஒருநாள் பால் வாங்கப் போனவரைக் கந்தர்வக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தோம். சிங்கப்பூரில் இருக்கும் மகன், மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களின் பட்டியலையும், அங்கே கேட்க வேண்டிய கேள்விகளையும் போனில் அனுப்பினான்.

தரகர் படித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார். “கேள்விக்கு அவுகதான பதில் சொல்லுவாக? ஊரு என்ன சொல்லுதுன்னு பாப்போம். பொண்ணு குடுக்குற எடம் தம்பி.”

மாப்பிள்ளை யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை கிளம்பினோம். மூன்று பேராகப் போகக்கூடாது என்று ஆட்டோக்காரரை இல்லத்துத் தெருமுனையிலேயே நிற்கச் சொன்னார். முதல் இல்லத்தில் தரையில் முகம் தெரிந்தது. மேனேஜர் குளிர்ந்த ஜூஸ் கொடுத்தார். தரகர் செருப்பு அலமாரியிலேயே நின்றுவிட்டார்.

“எல்லாம் கடையில வாங்குன மாதிரியே இருக்கே. பிள்ளைகள வெளிய நடக்கவே விடுறதில்லையா?”

“பாதுகாப்பு முக்கியம் சார்.”

“சம்பந்தம் சரிப்படாது. ஜூஸ் நல்லாருந்துச்சு” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது இல்லம் முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. முதலில் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம்.

“எதுத்த வீட்டு ஆளுக எப்புடிப்பா? சத்தம் போடுவாகளா?”

“அது ஹோமுங்க. சாயங்காலம் பாட்டுச் சத்தம் கேக்கும். திட்டுற சத்தம் கேட்டதில்ல.”

“எத்தன வருசமா?”

“நான் கட போட்டே எட்டு மாசந்தேங்க.”

“எட்டு மாசத்துல மாமியா கொணமே தெரியாது” என்று தரகர் அலுத்துக்கொண்டார்.

வாசலில் செருப்புகளைப் புரட்டினார். எல்லாவற்றிலும் செம்மண். முகம் மலர்ந்தது. மேனேஜரம்மா பதறி ஓடிவந்தார்.

“என்னங்க தேடுறீங்க?”

“கெடச்சுருச்சும்மா. எங்க வீட்டுப் பிள்ளைக்கு எந்திரிச்சதும் காப்பி வேணும். பல்லு வெளக்கச் சொன்னா கோவம் வரும்.”

“பிள்ளைக்கு என்ன வயசுங்க?”

“எழுபத்திரண்டு.”

கூடத்தில் ஒரு பெரியவர், பக்கத்திலிருந்த ஆயாவிடம், “ஆவுடையார்கோவில் பஸ்ஸு போயிருச்சா?” என்றார். “இன்னும் வரலைங்கய்யா, காப்பி குடிச்சுட்டுக் கெளம்புவோம்” என்றார் ஆயா. ஒரு நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி, அதே பதில். நான் எண்ணினேன். பதினான்கு தடவை. பதினான்காவது பதிலும் முதல் பதிலைப் போலவே இருந்தது.

தரகர் என் காதருகே குனிந்தார். “எங்கிட்ட ‘நீங்க யாரு’ன்னு கேக்குறா தம்பி. மூணு தடவ சொல்றேன். நாலாந்தடவ கத்திப்புடுறேன். அவ பயந்துபோயி மூலையில ஒக்காந்துக்கிறா.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “பொருத்தம் இருக்கு. முடிச்சுருவோம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தாச்சியைக் கொண்டுபோய் விட்டோம். வெற்றிலை, பாக்கு, பழம், பித்தளைக் குடம் என்று முழுச் சீர். மேனேஜரம்மா தட்டை வாங்குவதா வேண்டாமா என்று விழித்தார். கடைசியில் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பெண்ணை வழியனுப்பும்போது அழுகிற அப்பாக்களை எத்தனையோ மண்டபத்தில் தரகர் அதட்டியிருக்கிறார்: “குடுத்தா குடுத்ததுதேன். திரும்பிப் பாக்காம நடங்க!” அன்று கேட்டிலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள் அவர் ஏழு தடவை திரும்பிப் பார்த்தார். இதுவும் மைதான்.

பத்தாம் நாள் வீட்டைப் பூட்டிவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து அங்கேயே போய்விட்டார். “வீட்டோட மாப்பிள்ளை ஆயிட்டேன்” என்று போனில் சிரித்தார். தினமும் காலையில் சலவை வேட்டியும் பூவுமாக உள்ளே போகிறார். அத்தாச்சி அவரை மேலும் கீழும் பார்க்கிறார்.

“எந்த ஊரு? என்ன சோலி பாக்குறீக?”

“பொண்ணு பாக்க வந்துருக்கேன். சம்மதமா?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

இப்போது அவர் கத்துவதில்லை. நாளைக்கு வாரேன் என்று டீ குடிக்கப் போய்விடுகிறார்.

போன திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்குப் போன் வந்தது. “தம்பி! இன்னைக்குச் சரின்னு தலைய ஆட்டிட்டா!”

ஆயாவிடம் விசாரித்தேன். அந்த நேரத்தில் அவர் காப்பி எடுக்க உள்ளே போயிருந்தாராம். அறையில் வேறு யாரும் இல்லை. ஆகவே இது இன்றுவரை உறுதிசெய்யப்படாத செய்தி.

மையில்தான் எழுதியிருக்கிறேன்.